‘முன்னாடியே ஏன் வரல?’: நெல்லைச் சீமையில் வைத்தியம் தீர்மானமாகும் இடங்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் காலை நேரத்தில் நின்றால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். சர்க்கரைப் புண் முற்றி, கால்விரல் கறுத்த பிறகு வந்தவரிடம் டாக்டர் கேட்பார்: “முன்னாடியே ஏன் வரல?” மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தவரிடமும் அதே கேள்விதான். ஏழு மாத வயிற்றோடு முதல்முறை செக்கப்புக்கு வந்த பெண்ணிடமும் அதேதான்.

பதில்களும் பழகியவை. “சரியாயிரும்னு பாத்தோம் சார்.” “கூட வர ஆளில்ல.” “பீடிக் கணக்கு முடிக்க வேண்டியிருந்துச்சு.” இவற்றைக் கேட்டுவிட்டு இரண்டு வகையான முடிவுக்கு வருகிறோம். ஒன்று, சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை. மற்றொன்று, அரசு ஆஸ்பத்திரி சரியில்லை, அதனால்தான் வருவதில்லை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் முழுப் பதில் கிடைக்காது. இலவச சிகிச்சை இருக்கும்போது காசு கொடுத்து கிளினிக்குக்குப் போவது ஏன், ஐந்து லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் நகை அடகுக்குப் போவது ஏன், ஒரே ஊரில் பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரியை நம்புகிறவர்கள் காய்ச்சலுக்கு நம்பாதது ஏன் என்பவற்றுக்கெல்லாம் விடை வேலையில், பஸ்ஸில், ரேஷன் கார்டில், சட்டத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

செய்திகளில் அடிபடும் ‘உடல்நலத்தின் சமூகக் காரணிகள்’ என்ற தொடருக்குப் பொருள் எளிது. ஒருவர் பிறந்த வீடு, சாப்பிடும் சோறு, செய்யும் வேலை, படித்த படிப்பு, வாழும் தெரு, கைக்கு எட்டும் ஆஸ்பத்திரி ஆகிய எல்லாம் சேர்ந்து அவருக்கு எந்த நோய் வரும், வந்தால் எப்போது வைத்தியம் கிடைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைத்த ஆணையம் 2008-ல் தந்த அறிக்கை இதைத்தான் விரிவாகச் சொன்னது.

இரண்டாவது சொல் ‘மூன்று தாமதங்கள்’. பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் 1994-ல் வகுத்துச் சொன்னது இது. பேறுகாலத்துக்காகச் சொல்லப்பட்டாலும் எல்லா நோய்க்கும் பொருந்தும்.

1. முடிவெடுப்பதில் தாமதம். போகலாமா வேண்டாமா, யாரிடம் கேட்க வேண்டும், காசு இருக்கிறதா.
2. போய்ச் சேருவதில் தாமதம். பஸ் இருக்கிறதா, எவ்வளவு தூரம், கூட யார்.
3. சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். டாக்டர், ரத்தம், மருந்து, படுக்கை இருக்கிறதா.

மூன்றாவது சொல் ‘கைச்செலவு’. அரசோ காப்பீடோ தராமல் குடும்பம் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வைத்தியச் செலவு. இந்தியாவின் மொத்த சுகாதாரச் செலவில் இதன் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. நல்ல இறக்கம்தான். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று சேராது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் இழந்த கூலி எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நெல்லைச் சீமையில் பெரும்பாலான முடிவுகள் அந்த விடுபட்ட வரியில்தான் எடுக்கப்படுகின்றன.

இலவசத்துக்கு ஆகும் செலவு

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம் வட்டாரங்களில் பெண்களுக்குப் பெரிய வருமானம் பீடி. இலையும் தூளும் பீடிக்கடையில் எடை போட்டுத் தருவார்கள். வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டோடு உட்கார்ந்து சுற்றி, கட்டி, மறுபடி கடையில் கொண்டுபோய்க் கணக்கு முடிக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. சுற்றினால்தான் காசு. லீவு என்ற சொல்லே அந்தத் தொழிலில் இல்லை.

இப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு மாதமாக மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் இரண்டு வழிகள். கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும்.

முதல் வழி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் பெரியாஸ்பத்திரி.

1. தன் ஒருநாள் கூலி போச்சு: 250 ரூபாய்.
2. துணைக்கு வரும் தாயோ மகளோ அவர்களும் பீடி சுற்றுகிறவர்கள்தான். அவர்கள் கூலியும் போச்சு: 250 ரூபாய்.
3. வெளியூர் பஸ், இரண்டு பேருக்குப் போக வர: 120 ரூபாய்.
4. காப்பி, மதியச் சாப்பாடு: 150 ரூபாய்.

மொத்தம் 770 ரூபாய். சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம். பரிசோதனை முடிவுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால் இதே தொகை மறுபடியும்.

இரண்டாவது வழி, ஊருக்குள் சாயங்காலம் திறக்கும் கிளினிக். டாக்டருக்கு 200, மெடிக்கலில் 250, ஆக 450 ரூபாய். பகல் முழுக்க பீடி சுற்றிவிட்டு, ஆறு மணிக்கு மேல் தனியாகவே போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பலாம்.

இலவசம் 770, காசுக்கு 450. இந்தக் கணக்கை அந்தப் பெண் காகிதத்தில் போடுவதில்லை. பீடித் தட்டை மடியில் வைத்தபடியே மனசுக்குள் போட்டுவிடுவார். அதைப் பார்த்துவிட்டு ‘விழிப்புணர்வு இல்லை’ என்று நாம் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவருக்கு நம்மைவிடக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கணக்கின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கிளினிக்கில் ஊசியும் சத்து டானிக்கும் கிடைக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம், இதய நோயாகவும் இருக்கலாம். புகையிலைத் தூளோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதால் நெஞ்சில் வந்த கோளாறாகவும் இருக்கலாம். கூலிக் கணக்கில் சரியாக இருந்த முடிவு உடம்புக் கணக்கில் ஒரு வருடம் பின்தங்கிவிடும். பிறகு ஒருநாள் அந்தக் கேள்வி வரும்: முன்னாடியே ஏன் வரல?

எலும்பு முறிவுக்குக் கட்டு வைத்தியரிடம் போவதும், காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதும் இதே கணக்கில் சேர்கின்றன. நம்பிக்கை ஒரு பங்கு என்றால், வீட்டிலேயே இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கொடுக்கலாம் என்பது இன்னொரு பங்கு. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குவதால் சித்த வைத்தியத்தை முறையாகப் படித்தவர்களிடம் இலவசமாகவே பார்த்துக்கொள்ளும் வசதி இந்தச் சீமைக்கு உண்டு. ஆனால் அங்கே போகவும் ஒருநாள் கூலி போகத்தான் செய்யும்.

நேரமும் ஒரு மருந்து

மேலே உள்ள கணக்கில் எந்த வரியைக் குறைத்தால் முடிவு மாறும்? மருந்து ஏற்கெனவே இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டு மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்புவதால் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைப்பது ஓரளவு உறுதி. குறைக்க வேண்டியது நேரத்தை.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொதுப் புறநோயாளி நேரம் பகல் நேரம். கூலிக்காரரின் வேலை நேரமும் அதுவே. 2023 ஜூனில் தமிழகமெங்கும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டபோது நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று வைத்தார்கள். செய்தியில் கட்டட எண்ணிக்கைதான் தலைப்பானது. என் பார்வையில் அந்த மாலை நான்கு மணி நேரமே பெரிய சீர்திருத்தம். அது கூலி வரியையே அடித்துவிடுகிறது. நகரத்துக்கு வந்த இந்த நேரம் பீடி கிராமங்களுக்கு வரவில்லை என்பதே குறை.

மாலை நேரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் முடிந்த பிறகு தனியாகப் பார்க்க அனுமதி இருக்கிறது. காலையில் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பார்க்கும் அதே டாக்டரை சாயங்காலம் கிளினிக்கில் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம் என்பது சனங்களுக்குத் தெரியும். அவர்கள் தேர்ந்தெடுப்பது நேரத்தையும் மரியாதையையும். “அங்க போனா வள்ளுன்னு விழுவாக” என்ற ஒரு வரி, ஒரு தெரு முழுவதையும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவிடாமல் தடுத்துவிடும். அதட்டலுக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் தனிப் பத்தி கிடையாது. அதனாலேயே அது குறையாமல் இருக்கிறது.

பஸ் பற்றி ஒரு சொல்

2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. போக்குவரத்துத் துறையின் திட்டம் இது. ஆனாலும் நேராகச் சுகாதாரத்தில் வேலை செய்கிறது. கணவனிடமோ மாமியாரிடமோ பஸ்ஸுக்குக் காசு கேட்காமல் ஒரு பெண் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வர முடிகிறது. முதல் தாமதமும் இரண்டாம் தாமதமும் சேர்ந்து குறைகின்றன. எல்லை எங்கே என்றால், இது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும்தான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானாலும், அந்தப் பக்கத்துச் சனங்கள் பெரிய வியாதி என்றால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாளையங்கோட்டைக்கு வருவார்கள், அல்லது செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போவார்கள். புற்றுநோய் என்றதும் ‘ஆர்.சி.சி.க்குப் போ’ என்று திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தைக் காட்டிச் சொல்லும் பழக்கம் இங்கே இரண்டு தலைமுறையாக இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு வெளியூர் பஸ், அதற்குக் காசு.

பேறுகாலம்: கொள்கை ஜெயித்த இடம்

சனங்களின் பழக்கத்தை மாற்ற முடியாது என்று நினைப்பவர்கள் பிரசவத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் மருத்துவச்சி கையில் பிள்ளை பெறுவது சாதாரணமாக இருந்த இதே மாநிலத்தில் இப்போது 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பதாக ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அறிவுரையால் மட்டும் இது நடக்கவில்லை. மூன்று தாமதங்களும் தனித்தனியாக அடைக்கப்பட்டன.

1. முடிவெடுப்பதற்கு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து 18,000 என உயர்ந்தது. பணம் தவணை தவணையாக வரும். பதிவு, செக்கப், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், பிள்ளைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிபந்தனை. பணம் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போவதால் வீட்டில் அவர் சொல்லுக்கும் கொஞ்சம் எடை கூடியது.
2. போய்ச் சேருவதற்கு: 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ்.
3. சிகிச்சைக்கு: ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே கிராம சுகாதார செவிலியர் இருந்தார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஊரில் ‘நர்சம்மா’ என்று அழைக்கப்படும் இவருக்கு எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் வழக்கமும் திட்டமும் உரசும் இடம் ஒன்று இந்தப் பக்கத்தில் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கே அசையாத வழக்கம். பெண்ணைப் பதிவு செய்தது புகுந்த ஊர் நர்சம்மா. வளைகாப்பு முடிந்து ஏழாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ பிறந்த ஊருக்குப் போனால், அங்கே பார்ப்பது வேறு நர்சம்மா. முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ரத்த அழுத்தக் குறிப்பு எல்லாம் பழைய அட்டையில். இந்த இடைவெளியை அடைக்கத்தான் பிக்மி எண். கர்ப்பம் பதிவானதும் தரப்படும் இந்த எண்ணை வைத்து எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் விவரத்தை எடுக்கலாம். பிள்ளையின் பிறப்பைப் பதியவும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். வளைகாப்புச் சாமான்களோடு தாய்சேய் அட்டையையும் இந்த எண்ணையும் எடுத்துப் போவதும், தாய்வீட்டில் இறங்கிய அந்த வாரமே உள்ளூர் நர்சம்மாவிடம் காட்டுவதும் மிக முக்கியம்.

ஒரு விதி அதற்காகவே போடப்பட்டவரை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி உதவி 19 வயது நிறைந்தவருக்கு, முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும். சின்ன வயசில் கல்யாணத்தைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லது. ஆனால் 17 வயதில் கர்ப்பமான பெண்தான் எடை குறைவு, ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் அதிக ஆபத்தில் இருப்பவர். பணமும் இல்லை, அதோடு பயமும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் கர்ப்பம் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் குடும்பம் பதிவையே தள்ளிப்போடுகிறது, வயதை மாற்றிச் சொல்கிறது, அல்லது அறியாத இடத்தில் மாத்திரை வாங்கிக் கருவைக் கலைக்கப் பார்க்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மைனர் பெண் கருக்கலைப்புக்கு வந்தால் அவர் பெயரையும் அடையாளத்தையும் போலீஸ் தகவலில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று சொன்னது. இந்தத் தீர்ப்பு ஊருக்குள் சென்று சேரவே இல்லை. சேர்ந்தால் சில உயிர்களாவது பிழைக்கும்.

இந்த வெற்றிக்குப் பின்னால் இன்னொரு சிக்கலும் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36.0. இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். ‘இப்பத்திப் பிள்ளைகளுக்கு வலி தாங்க முடியல’ என்ற பேச்சு இதற்குப் போதிய விளக்கமில்லை. இரவில் மயக்க மருந்து டாக்டர் இல்லாத இடத்தில் பகலிலேயே அறுத்துவிடுவது, நல்ல நேரம் பார்த்துப் பிள்ளையை எடுக்கச் சொல்லும் குடும்பம், ஏதாவது ஆனால் அடிதடி வருமே என்ற டாக்டரின் அச்சம், அறுவைக்குக் கூடுதல் கட்டணம் என நாலு பக்கத்து அழுத்தமும் ஒரே கத்தியில் வந்து நிற்கிறது. பீடி சுற்றும் பெண்ணுக்கு இதன் விலை வேறு: தையல் ஆறாமல் சம்மணமிட்டு உட்கார முடியாது. உட்காராவிட்டால் கூலி இல்லை.

அட்டை இருந்தும் காசு ஏன்?

அதிகம் குழப்பம் உள்ள இடம் இது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதைக் கேட்டதும் ‘எந்த ஆஸ்பத்திரியிலும் எதற்கும் 5 லட்சம்’ என்று மனசு எடுத்துக்கொள்கிறது. நடைமுறை இப்படி:

1. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கட்டப்பட்டிருக்கும்.
2. படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கே பெரும்பாலும் பயன்படும். புறநோயாளியாகப் பார்த்து எழுதிக்கொடுக்கும் மாதாந்திர மாத்திரை இதில் வராது.
3. ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அந்த வியாதிக்கான பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். எலும்புக்கு இருக்கும், இருதயத்துக்கு இருக்காது என்பது சாதாரணம்.
4. சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வரும்வரை கட்டச் சொல்லும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குவது அவசியம்.
5. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு கிராம நிர்வாக அலுவலர் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். நெல்லையில் பதிவு செய்ய கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும்.

ஐந்தாவதில்தான் நெல்லைக்காரர்களின் தனிப் பிரச்சினை. சென்னையில் மளிகைக்கடை, மும்பையில் தாராவி, வளைகுடாவில் வேலை என்று ஆண்கள் பரவிக் கிடக்கிறார்கள். ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கும், வருமானமும் சேரும், ஆனால் வீட்டில் இருப்பது வயதான தாயும் தகப்பனும். கார்டைப் பிரித்தால்தான் அவர்களுக்குக் காப்பீடு. பிரிப்பதற்கு மகன் ஊருக்கு வர வேண்டும், அல்லது ‘பிள்ளைகள் எங்களைப் பார்க்கவில்லை’ என்று காகிதம் சொல்வதைப் பெற்றோர் ஏற்க வேண்டும். பலருக்கு அது மானப் பிரச்சினை. நெஞ்சு வலி வந்த அன்று இதைச் சரிசெய்ய முடியாது. திடகாத்திரமாக இருக்கும்போதே அட்டையை எடுத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வைப்பது ஒன்றே வழி.

அட்டை செல்லுபடியாகாத இடத்தில் நகை அடகு வருகிறது, குழு லோன் வருகிறது. அதற்கும் கீழே கந்துவட்டி. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கும்போது வாசலுக்கு வந்து பணம் தருபவர் கந்துவட்டிக்காரர்தான். பிறகு வாரத் தவணை கட்டுவதற்காகவே நோயாளி சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறார், மறு செக்கப்பைத் தவிர்க்கிறார்.

விபத்துக்கு மட்டும் இந்தக் காகிதத் தடைகள் விலக்கப்பட்டிருக்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவர், அட்டை உண்டா என்ற கேள்வி இல்லை. நாலுவழிச் சாலை ஓடும் நாங்குநேரி, பணகுடி பக்கத்தவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

மாத்திரை வீட்டுக்கு வந்தபோது

காப்பீடு தொடாத அந்த மாதாந்திர மாத்திரையைத் தொட்டது 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார். 2024-ல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

முன்பு போட்ட 770 ரூபாய்க் கணக்கை நினைத்துப் பாருங்கள். பிரஷருக்கு வலி கிடையாது. வலிக்காத நோய்க்கு மாதம் ஒருநாள் கூலியை யாரும் விடமாட்டார்கள். ‘மாத்திரை தீர்ந்து போச்சு, வாங்கணும்’ என்ற இரண்டு மாத இடைவெளியில்தான் பக்கவாதம் வருகிறது. வீட்டு வாசலுக்கு மாத்திரை வந்ததும் அந்தச் செலவு பூஜ்யமாகிறது. இந்தத் திட்டத்தின் பலம் இதில் இருக்கிறது. பலவீனம், பெயரிலேயே தன்னார்வலர் என்று வைத்துக் குறைந்த ஊக்கத்தொகையில் வேலை வாங்குவது. வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணும் இதே ஊரில் இதே விலைவாசியில் வாழ்பவர்தான்.

காசநோயும் சோறும்

மருந்து மட்டும் போதாது என்பதற்குக் காசநோயைவிட நல்ல சான்று இல்லை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த பெரிய ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் கொண்ட உணவுப் பொட்டலமும் வைட்டமினும் மாதந்தோறும் தரப்பட்டன. தராத வீடுகளோடு ஒப்பிட்டால் புதிதாக நோய் பிடிப்பது 39 சதவீதம் குறைந்தது. சோறுதான் அங்கே தடுப்பு மருந்து. காசநோயாளிக்கு அரசு தரும் மாத உதவி 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ஆனது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசியும் இலவசம். அரிசி வயிற்றை நிரப்பும், ஆனால் இளைத்த உடம்பு தேறப் பருப்பும் முட்டையும் வேண்டும். அந்த 1,000 ரூபாய் வீட்டுக் குழுக் கடனுக்குப் போகிறதா, முட்டைக்குப் போகிறதா என்பது வீட்டின் நிலைமையைப் பொறுத்தது.

பீடி: வேலையும் நோயும் ஒரே தட்டில்

பீடிக்கான ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தபோது பலர் குழம்பினார்கள். புகையிலையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் அரசே பீடி வரியைக் குறைக்கலாமா? வரி ஏறினால் பீடி விற்பனை குறையும், குடிப்பவரின் நுரையீரல் பிழைக்கும், சுற்றுபவரின் அடுப்பு அணையும். வரி இறங்கினால் நேர் எதிர்.

இந்த இரண்டுக்கும் நடுவில் முன்பு ஒரு பாலம் இருந்தது. 1976-ன் சட்டப்படி பீடி உற்பத்தியில் ஒரு சிறு தீர்வை வசூலித்து, அதைத் தொழிலாளர் நலநிதியில் போட்டு, மருந்தகம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்புத்தொகை என்று திருப்பித் தந்தார்கள். ஜி.எஸ்.டி. வந்தபோது, 2017-ல், அந்தத் தீர்வை ரத்தானது. நலத்திட்டங்கள் பொது பட்ஜெட் தயவில் விடப்பட்டன. வரி எவ்வளவு என்ற விவாதம் பெரிதாக நடந்தது. பீடித் தட்டு வைத்திருக்கும் பெண்ணின் நெஞ்சு எக்ஸ்ரேக்கு அந்த வரிப் பணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வரியை ஏற்றுங்கள், ஏற்றியதில் ஒரு பங்கைக் கணக்கிட்டு அந்தப் பெண்ணின் சிகிச்சைக்கும் மாற்று வேலைக்கும் கட்டிவையுங்கள் என்பதே என் கருத்து. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் யாராவது ஒருவர் தலையில்தான் விடியும்.

வேலை போனால் ஆஸ்பத்திரியும் போகும்

மாஞ்சோலையில் இதுவே வேறு வடிவில் நடந்தது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டங்கள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அங்கே வீடும் மருத்துவ வசதியும் முதலாளியின் பொறுப்பாக இருந்தன. 2028-ல் குத்தகை முடிவதை முன்வைத்து 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு தரப்பட்டது. காடு பாதுகாப்பு, குத்தகை, இழப்பீடு என்றே செய்திகள் வந்தன. வேலை முடிந்த அன்றே மலைமேல் மருந்துக்கு யார் பொறுப்பு என்பதும் முடிந்துபோகிறது என்பது அதிகம் பேசப்படவில்லை. நாலு தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் கீழே இறங்கினால் புது முகவரி, புது ரேஷன் கார்டு, அதன் பிறகே காப்பீட்டு அட்டை. சர்க்கரை மாத்திரை இந்த வரிசைக்காகக் காத்திருக்காது.

புது அறிவிப்பு வந்தால் பார்க்க வேண்டியவை

1. எந்தத் தாமதத்தைக் குறைக்கிறது? புதுக் கட்டடம் மூன்றாவதைத்தான் தொடும். கடைசி பஸ் சாயங்காலம் ஐந்துக்கே போய்விடும் ஊரில் அது பாதிப் பயன்.
2. எந்த நேரத்தில் திறந்திருக்கும்?
3. என்ன காகிதம் கேட்கிறது, அந்தக் காகிதத்தை வாங்க எத்தனை நாள் கூலி போகும்?
4. விதியால் வெளியே விடப்படுபவர் யார்? அவருக்குத்தான் அதிகத் தேவையா?
5. வேறு துறையின் முடிவு எதுவும் இதைக் கெடுக்கிறதா? பஸ் வழித்தடம், பீடி வரி, குத்தகை, கார்டு விதி.

டாக்டர்கள், செவிலியர்கள் கையிலேயே செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. அதற்கு அரசாணை வேண்டியதில்லை. ‘முன்னாடியே ஏன் வரல’ என்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கலாம்: என்ன வேலை பாக்கீங்க? எப்படி வந்தீங்க? கூட யார் வந்திருக்கா? பீடிக் கணக்கு முடிக்கும் நாள் எது என்று தெரிந்தால் மறு தேதியை அதற்கு அடுத்த நாளுக்குப் போடலாம். ஊர் தூரம் என்று தெரிந்தால் ரத்தப் பரிசோதனையையும் எக்ஸ்ரேயையும் ஒரே நாளில் முடித்து அனுப்பலாம். மாத்திரையை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளும்படி சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.